காணாமல் வரைந்தவர்

ஆலமரத்தடியில் உடலை வருத்தித் தவஞ்செய்யும் இந்தியத் துறவிகள். பிரெஞ்சுக் கலைஞர் பெர்னார் பிக்கார் செப்புத்தகட்டில் செதுக்கிய படம். 1723 முதல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான, உலக மக்களின் சமயச் சடங்குகள் பற்றிய பெருநூலில் உள்ளது. அவர் இந்திய மண்ணை மிதித்தவரல்லர். பிரயாணிகள் சொன்னதே ஆதாரம். காணாததை வரைவது நேர்மையா என்று முதலில் கோபம் வந்தது. ஆயினும் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து எல்லோரையும் அந்நூல் அருகருகே வைத்து அறிய முயன்றது.

றொசல்லயில் எங்கள் கடைவாசலால் மாசியில் காமன்கூத்து போகும். நாற்பது வருடமாகத் தப்பொலி கேட்கிறேன். "எங்க காமன் யாருன்னு தெரியுமா மொதலாளி?" என்று லயத்துப் பெரியவர் ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

பிறர் வணக்கத்தில் கலப்பது வேறு; அதை அறிவது வேறு. ஒருவரையொருவர் அறியவே பல கூட்டத்தாராகப் படைக்கப்பட்டோம் என்று நம்புகிறவன் நான். காணாமல் வரைந்தவரை, கண்டும் பாராத நான் எப்படிக் குறை சொல்வேன்?