கடைசியில் உண்பவள்

குடும்பத்தார் அனைவரும் உண்டு எழுந்தபின், பாத்திரத்தின் அடியில் எஞ்சியதைக் கொண்டு பசியாறுவதே இல்லத்தரசியின் இலக்கணம் என்ற எண்ணம் நம் நாட்டின் பல பகுதிகளில் தலைமுறைகளாக நிலவி வருகிறது. இதனைத் தியாகம் என்று போற்றுவதும் வழக்கம். ஆனால் இது தியாகந்தானா?

மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி ஆணையிட, அதனடியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைகளைத் தூண்டுகிறது. அவை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களைச் சுரக்கின்றன. மாதவிலக்கின் ஒழுங்கு இதனைப் பொறுத்தது. உணவு மிகக் குறைந்தாலோ, மனம் ஓயாத கவலையில் உழன்றாலோ, அந்த முதல் ஆணையே தளர்ந்துவிடுகிறது. மாதவிலக்கு தவறலாம், நின்றும் போகலாம். பசி பஞ்சத்தால் வந்ததா, விரதத்தால் வந்ததா, சமையலறை வழக்கத்தால் வந்ததா என்று உடல் ஆராய்வதில்லை. ஈஸ்ட்ரோஜன் நெடுங்காலம் குறைந்திருந்தால் எலும்பும் வலுவிழக்கிறது.

இத்தகைய கடும் பட்டினி எல்லோருக்கும் நேர்வதன்று. பரவலாகக் காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவு. மாதந்தோறும் குருதியை இழப்பதால் பெண்ணுக்கு இச்சத்து கூடுதலாக வேண்டும். நாளொன்றுக்கு ஆணுக்கு 19 மில்லிகிராம், பெண்ணுக்கு 29 மில்லிகிராம் என்று 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது. கூடுதலாக வேண்டியவளுக்கோ, கீரையும் பருப்பும் தீர்ந்தபின் சோறும் குழம்பின் தெளிவுமே மிஞ்சுகின்றன. 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதே வயதுடைய ஆண்களில் 25 விழுக்காட்டினர். இவ்வேற்றுமைக்கு மாதவிலக்கும் மகப்பேறும் பெரிய காரணங்கள் என்பது உண்மையே. எனினும் அவற்றை ஈடுசெய்ய வேண்டிய உணவு அவளைச் சேரவில்லை என்பதும் உண்மையன்றோ? படியேறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் களைப்பு, சிறு சொல்லுக்கும் எரிச்சல். வீட்டார் இதற்குச் சிடுசிடுப்பு என்று பெயரிடுகின்றனர். சத்துக்குறை இவ்வாறு குணக்குறையாகிவிடுகிறது!

மிகுதியாக உண்பவனுக்கும் அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயம் தரும் கருத்து. எலும்பும் தோலுமாக மெலிந்த சித்தார்த்தர், சுஜாதை அளித்த பாற்சோற்றை ஏற்றபின்னரே போதிமரத்தடியில் அமர்ந்தார் என்பது பௌத்த மரபு. அன்று சுஜாதை உண்டாளா என்று கேட்போர் அரியர்.

தன்னிடம் உள்ளதை அறிந்து, விரும்பிக் கொடுப்பதே தியாகம். வறுமையில் தன் பங்கைக் குழந்தைக்கு ஈயும் தாயின் செயலை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அரிசியும் பருப்பும் நிறைந்த வீட்டில் ஒருத்தியின் தட்டு மட்டும் வெறுமையாயிருந்தால், அது அவளுடைய தியாகமன்று, மற்றவர்களின் கவனக்குறைவு. அவள் பட்டினி அவளோடு முடிவதுமில்லை. கடும் இரத்தசோகையுள்ள தாயின் குழந்தை எடை குறைந்து பிறக்கக்கூடும். யாருக்காக அவள் விட்டுக்கொடுத்தாளோ, அவர்களே விலை தருகின்றனர்.

‘நாங்கள் அப்படித்தானே வாழ்ந்தோம்’ என்று மூத்த பெண்மணிகள் கூறுவதுண்டு. முதுகு வளைந்து, முழங்காலைப் பிடித்தபடி கூறுவோரும் அவர்களுள் உளர்.

சில இல்லங்களில் இப்போது வழக்கம் மாறி வருகிறது. பரிமாறத் தொடங்கும் முன்பே அவள் பங்குக் கீரையும் பருப்பும் தனிக் கிண்ணத்தில் மூடி வைக்கப்படுகின்றன. வேறு சில இல்லங்களில், அவளும் வந்து அமரும் வரை எவரும் சோற்றில் கை வைப்பதில்லை.