காதில் விழாத மன்னிப்பு

ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதைக் குருவானவர் எவரிடமும் வெளியிடலாகாது. திருச்சபைச் சட்டத்தின் 983-ஆம் விதி அதற்கு அணுவளவும் இடந்தரவில்லை. ஆயினும் விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் தவக்காலந்தோறும் கோயில் முற்றத்தில் நின்று நம் மக்கள் வெளிப்படையாகவே கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “சாமி, அந்தப் பழைய பாவத்த எத்தனையோ தடவ சொல்லிட்டேன். ஆண்டவர் மன்னிச்சிட்டாரா, இல்லையா?” கேட்பவர் பெரும்பாலும் முதியவர். சிலர் இந்த ஐயத்தாலேயே நற்கருணை வாங்காமல் ஆண்டுக்கணக்கில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். சாவுப் படுக்கையிலும் இவ்வச்சம் அவர்களை விடுவதில்லை.

நிலமும் கடனும் அறிந்த மக்கள் இவர்கள். அடமானக் கடனைத் தீர்த்து, ரசீதைப் பதிவு செய்து, பத்திரத்தைக் கையில் வாங்கிய பின்னரும், சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால்தான் உறக்கம் வரும். அது குறையன்று; விவேகமே. கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் 2-ஆம் அதிகாரமும் நமக்கு எதிரான கடன் பத்திரம் ஒன்றைப் பற்றிப் பேசுகிறது; அது அழிக்கப்பட்டுச் சிலுவையில் அறையப்பட்டது என்கிறது. ஆனால் அதற்குச் சான்று தேடும்போதுதான் பலர் வழி தவறுகின்றனர். பதிவாளரிடம் கேட்க வேண்டியதைக் கடன்பட்டவர் தம் நெஞ்சிடமே கேட்கிறார்: அழுகை வந்ததா? பாரம் இறங்கிற்றா? ஒன்றையும் விடாமல் சொன்னோமா? நெஞ்சம் இன்று ஆம் என்னும். நாளை இல்லை என்னும்.

புனித இஞ்ஞாசியாரே இதில் சிக்குண்டவர். 1522-இல் மொன்செராத்தில் தம் வாழ்நாட் பாவங்களை எழுதிவைத்து மூன்று நாள் அறிக்கையிட்டார். பின்னர் மன்ரேசாவில், எதையோ விட்டுவிட்டோம் என்ற எண்ணம் அவரை வாட்டியது. மீண்டும் மீண்டும் அறிக்கையிட்டார். ஒரு வாரம் உண்ணாதிருந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனைக்கும் உள்ளானார். பழைய பாவங்களை இனி அறிக்கையிடுவதில்லை என்று துணிந்தபோதே விடுதலை கிட்டிற்று.

1547-இல் திரிதெந்து பொதுச்சங்கம் இதனை நுட்பமாகப் பிரித்துக் காட்டியது. தன்னையும் தன் வலுவின்மையையும் நோக்குகிறவனுக்கு அச்சம் எழலாம்; இறைவனின் இரக்கத்தையும் கிறிஸ்துவின் பேறுபலனையும் அருட்சாதனங்களின் ஆற்றலையும் ஐயுற இடமில்லை. இப்பகுதியை லூத்தருக்கு மறுப்பாக மட்டுமே பயில்வதால், வாட்டமுற்ற ஆன்மாக்களுக்கு இது மருந்து என்பது மறந்துபோகிறது.

ஐயமே எழாத நிம்மதியும் உண்டு, அதுவும் நலமன்று. பாவசங்கீர்த்தனம் என்ற பழம்பெயருக்கு மாற்றாக வந்த ‘ஒப்புரவு’ குறளின் 22-ஆம் அதிகாரத் தலைப்பிலேயே உள்ள சொல்; ஊரோடு பொருந்தி உதவி வாழ்வதைச் சுட்டுவது. அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், சாதி வேற்றுமையால் நொந்த தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கு கேட்டதையொட்டி 2008 மார்ச்சில் மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் மாண்டனர். சகோதரனுக்கு முகங்கொடாமல் ஆண்டவரிடம் மட்டும் கணக்கு முடித்துக்கொள்பவரின் நிம்மதியை உறுதி என்றழைக்க நாம் தயங்குகிறோம்.

முற்றத்து முதியவரிடம் திரும்புவோம். அவருக்குச் சான்று உண்டு; அது கண்ணுக்கன்று, காதுக்கு. குருவானவர் மூவொரு இறைவனின் பெயரால், அவரை நோக்கி, அவருக்கென்றே மன்னிப்பு மொழியைக் கூறுகிறார். இலத்தீன் காலத்தில் அது புரியவில்லை; அவ்வேளையில் உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்வதே வழக்கம். 1973-ஆம் ஆண்டின் சடங்குமுறை மனத்துயர் மன்றாட்டை முன்னும் மன்னிப்பு மொழியைப் பின்னுமாக வைத்து, ‘ஆமென்’ என்பதை மட்டும் அவருக்கு விட்டது. பழக்கமோ போகவில்லை. நாம் கைநீட்டித் தொடங்கும்போதே பலர் மந்திரத்தையும் தொடங்கிவிடுகின்றனர். இருவரும் ஒரே வேளையில் பேசி முடிக்கிறோம். அவர் எழுந்து போய்விடுகிறார். தம் துயரின் குரல் மட்டுமே அவர் கேட்டது.

மந்திரத்தை முன்னரே முடித்துக்கொண்டு, குருவானவர் பேசும்போது வாய்மூடிக் கேளுங்கள் என்று வரும் தவக்காலத்தில் சொல்லிப் பார்க்கலாம். காது மந்தமான முதியவர்க்கு நாமும் சற்று உரக்கவே சொல்லலாம். பின்னால் நிற்பவர் காதில் மன்னிப்பு மட்டும் விழுந்தால் எவர்க்கும் குறைவில்லை.