கூலியும் வேண்டும், குட்டியும் வேண்டாம்

அமெரிக்காவின் யூட்டா வறண்ட நிலத்தில், காட்டுத்தீ எரிந்து அடங்கிய மண்ணில் முளைக்கும் காட்டுப் புகையிலையை இயன் பால்ட்வின் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஜெர்மனியின் யேனா நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர்.

அச்செடியின் பூ அந்தியில் விரியும். மணம் பரப்பி அந்துப்பூச்சியை அழைக்கும். மகரந்தம் சுமக்கும் அதே பூச்சிதான் இலையில் முட்டையிட்டும் போகிறது. முட்டையிலிருந்து வெளிவரும் புழு இலையை மொட்டையடிக்கும். கடிபட்டதும் செடி நிகோடினைக் கூட்டுகிறது. அதையும் இந்தப் புழு தாங்கிக்கொள்கிறது! வேலைக்கு வந்த ஆளே வீட்டை இடித்தால் என்ன செய்வது?

ஆளை மாற்றுகிறது செடி. டேனி கெஸ்லர், பால்ட்வின் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. புழு தொடாத செடிகள் பெரும்பாலும் அந்திப் பூக்களையே பூத்துக்கொண்டிருந்தன. புழு தாக்கிய சில நாட்களிலோ, காலையில் விரியும் பூக்கள் அதிகரிக்கின்றன. அவற்றில் அந்துப்பூச்சியை இழுக்கும் மணம் இல்லை. பகலில் தேன் தேடி வரும் ஹம்மிங் பறவை மகரந்த வேலையை ஏற்கிறது. அது இலையில் முட்டையிடாதே!

செடிக்கு எப்படித் தெரிகிறது? புழுவின் எச்சில்தான் தூது. அதைக் காயத்தில் தடவினாலே போதும், செடிக்குள் ஜாஸ்மோனேட் என்னும் ஹார்மோன் வழியாகச் செய்தி பூ வரை போய்விடுகிறது. நரம்பும் மூளையும் இல்லாததை நாம் 'சும்மா நிற்கிறது' என்கிறோம்.