குரங்குக் குட்டி யாருக்குச் சொந்தம்?

2023 டிசம்பரில் சோளிங்கரில் நாய்கள் கடித்த குரங்குக் குட்டி ஒண்ணை, கோவை கால்நடை மருத்துவர் ஒருத்தர் பத்து மாசம் பிள்ளை மாதிரி பார்த்துக் காப்பாத்தினார். பிறகு வனத்துறை அதை வண்டலூர் பூங்காவுக்குக் கொண்டுபோனது. "என்கிட்டயே கொடுங்க"ன்னு அவர் போட்ட மனுவை, 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கேட்கவே மனசு கஷ்டமா இருக்குல்ல? அவர் அன்பு உண்மையானதுதான். ஆனா நம்ம அரிமளத்துலயே ஒரு வீட்டுல குட்டியை வளர்க்கிறாங்கன்னு வச்சுக்குவோம். இன்னைக்குத் தோள்ல ஏறி முடியை இழுத்தா சிரிப்போம். கோரைப்பல் வளர்ந்தப்புறம் அதே சேட்டைக்குக் கழுத்துல சங்கிலி. அப்போ காட்டுல விட்டாலும் குரங்குக் கூட்டம் லேசுல சேர்த்துக்காது.

1972-ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டமும் இதை அனுமதிக்கலை. அடிபட்ட குட்டியைப் பார்த்தா சிகிச்சைக்கு உதவுங்க, உடனே வனத்துறைக்குச் சொல்லுங்க. நம்மைத் தேடாம அது வாழணும்னு நினைக்கிறதும் அன்புதான்.