சுவர் எழுந்த பின்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. மனை எழுப்பியும் மணம் முடித்தும் கையிருப்பைத் தொலைத்து, கடனாளியாய் நின்ற எவரோ பெருமூச்சோடு சொன்ன சொல்லாக இருக்க வேண்டும். ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். குடியிருந்துகொண்டே வீட்டை இடித்துப் பார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருப்பின், பணத்தின் கணக்கோடு மனத்தின் கணக்கும் நமக்குப் பாடமாகியிருக்கும். நான்கு திங்கள் அந்தப் பாடத்தைப் படித்தவன் நான். பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் ஆசிரியன், தன் வீட்டுப் பாடத்தில் தேறினானா இல்லையா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். தீர்ப்பு உங்களுடையது.

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுவைக்கு அருகே கரையேறிய இரவு. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. தென்பெண்ணை கரை மீறிற்று; விழுப்புரம் மாவட்டத்தின் வயலெல்லாம் கடலாயிற்று. திண்டிவனத்தில் எங்கள் வீடு பாட்டனார் காலத்து ஓட்டு வீடு. கைமரங்கள் முன்பே கரையானுக்கு இரையாகியிருந்தன; எஞ்சியதைப் புயல் எடுத்துக்கொண்டது. பின்கட்டு சரிந்தது, அடுக்களைச் சுவர் பிளந்தது. இனி ஒட்டுப் போட்டுப் பயனில்லை, இடித்துக் கட்டுவதே வழி என்றார் மேஸ்திரி.

தை மாதத்தில் வேலை தொடங்கிற்று. வாடகைக்கு வேறு வீடு பார்க்கலாமே என்று கேட்பீர்கள். தந்தையாரின் சேமிப்பு, என் சம்பளம், அன்னையின் கழுத்திலிருந்து அடகுக் கடைக்குப் போன சங்கிலி — இம்மூன்றும் சேர்ந்தே சிமெண்டும் செங்கல்லும் ஆயின. வாடகைக்கு ஏது மிச்சம்? திண்ணையை ஒட்டிய தெரு அறை ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை இடித்தோம். ஆயா, தந்தையார், அன்னை, தம்பி, நான் — ஐவரும் அந்த ஓரறையில் அடைந்தோம். விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா, "அம்மாவையாவது என்னிடம் அனுப்புங்கள்; தூசியில் இருமுகிறார்" என்று மன்றாடினார். அன்னை மறுத்துவிட்டார். "நான் வந்துட்டா இவங்களுக்கு யார் ஆக்கிப் போடறது?" என்பதே அவர் சொன்ன காரணம்.

நானோ நாள்தோறும் காலையில் பேருந்து ஏறி, கூட்டேரிப்பட்டும் விக்கிரவாண்டியும் கடந்து, விழுப்புரத்துப் பள்ளிக்குப் போய்விடுவேன். மாலையில் திரும்பும்வரை தூசியுமில்லை, இரைச்சலுமில்லை. அவை எனக்கு மாலை நேரத்துத் தொல்லை. அன்னைக்கு அவையே நாள் முழுதும் மூச்சுக் காற்று.

சுவர் என்பது எத்துணைச் சூழ்ச்சிக்காரப் பொருள் என்பதை, அது விழுந்த பிறகே அறிந்தேன், நண்பர்களே! வெயிலையும் மழையையும் தடுக்கத்தான் சுவர் என்று எண்ணியிருந்தேன். அது பார்வையையும் தடுக்கிறது. கூடத்தில் அமர்ந்து உண்டவனுக்கு அடுக்களையில் நடப்பது தெரியாதபடி காத்துக்கொடுக்கிறது. ஓரறையில் அடுப்பும் படுக்கையும் அருகருகே வந்தபோதுதான் கண்டேன்: அன்னை எல்லோருக்கும் பின்னர் உண்கிறார், குழம்பு அடிச்சட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கும் வேளையில் உண்கிறார், சில இரவுகளில் மோரும் உப்புமே அவருக்குக் குழம்பு. இருபத்தெட்டு ஆண்டுகளாக நடந்து வந்ததை, இருபத்தாறு வயதில் நான் முதன்முதலாகக் கண்டேன்! கண்ட பிறகு வாளாவிருக்க முடியுமா? ஐவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணத் தொடங்கினோம். அறையில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அவரவர் தட்டை அவரவரே கழுவினோம். தந்தையார் தண்ணீர் சுமந்தார். தம்பி வெங்காயம் உரித்தான்.

இன்னொன்றும் நிகழ்ந்தது. வேலைக்கு வருவோர்க்கென்று எங்கள் வீட்டில் தனிக் குவளை ஒன்று உண்டு. கொல்லைப்புறச் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டிருக்கும். அது ஆயாவின் சட்டம். அவருக்கு முன்னோர் விட்டுச் சென்ற சட்டம். வீட்டை ஒழித்தபோது அந்தக் குவளையும் எந்தச் சாக்கிலோ போய்ச் சேர்ந்தது. வெளியே இருந்தவை நான்கு குவளைகள்தாம். கொத்தனாரும் சித்தாளும் நாங்களும் அவற்றிலேயே குடித்தோம். ஆயா முதல் நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் முகம் சுளித்தார். பத்தாம் நாள் மறந்தார். வானம் இடிந்து விழவில்லை. இடிந்து விழுந்தது ஏற்கெனவே எங்கள் வீட்டுக் கூரைதான்.

பார்த்தீரா, சமத்துவம் எவ்வளவு எளிதில் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மகிழ்ச்சி நிலைக்கவில்லை, ஓர் ஐயம் எழுந்தது. இது அறந்தானா? இடமில்லாததால் ஒன்றாய் உண்டோம். குவளை கிடைக்காததால் ஒரே குவளையில் குடித்தோம். வேறு வழி இல்லாதவன் செய்யும் நன்மைக்கு நன்மை என்று பெயரிடலாமா? பட்டினி கிடப்பவன் நோன்பு நோற்றதாகப் பெருமை பேசலாமா?

உலகமே இந்தத் தேர்வில் பலமுறை தோற்றிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஆடவர் களம் புகுந்தபோது, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் தொழிற்சாலைகளின் கதவுகள் பெண்களுக்குத் திறந்தன. பற்றவைத்தார்கள், விமானம் பூட்டினார்கள், சுமை வண்டி ஓட்டினார்கள். பெண்ணால் ஆகாது என்ற பழங்கதை பொய்த்தது. 1945இல் போர் முடிந்தது. திறந்த கதவுகளிற் பல மீண்டும் சாத்தப்பட்டன. நன்றி, அம்மையே, இனி அடுப்பங்கரைக்குப் போகலாம் என்றது உலகம். நம் ஊர்களில் வெள்ளம் வரும்போதும் இதுதானே காட்சி! பள்ளிக்கூடத்து ஒரே கூரையின்கீழ் ஊரும் சேரியும் படுத்துறங்கும். ஒரே அண்டாச் சோற்றை உண்ணும். நீர் வடியும், ஊர் ஊராகும், சேரி சேரியாகும். நெருக்கடி தந்ததை நெருக்கடியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

ஆகவே, அறத்தை அளக்க வேண்டிய நாள் சுவர் விழுந்த நாளன்று. சுவர் மீண்டும் எழுந்த நாள்! விரும்பினால் பழையபடி வாழலாம் என்ற வசதி வந்த பிறகும் பழையபடி வாழ மறுப்பதே அறம்.

இதை எழுதும் நான் யோக்கியன் என்று எண்ணிவிடாதீர்கள். புதிய வீட்டிற்கு வரைபடம் போட்டபோது எனக்கென்று ஒரு படிப்பறை கேட்டேன். தெருவைப் பார்த்த சன்னல், புத்தக அலமாரி, மேசை — கனவு பெரிது, மனை சிறிது. இடம் எங்கிருந்து வந்தது? அடுக்களையிலிருந்து. பின்கட்டில் பத்தடி நீளமிருந்தது எட்டடியாயிற்று. ஒருவரும் மறுக்கவில்லை, கேட்டால்தானே மறுப்பதற்கு! மேஸ்திரி நூல் கட்டி அளந்துகொண்டிருந்தார். சாந்துச் சட்டியோடு நின்ற சித்தாள், ஐம்பதை நெருங்கும் அம்மையார், என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏன் வாத்தியாரே, அங்க நின்னு வேல செய்யப் போறவங்களக் கேட்டீங்களா?"

ஆண்டாண்டாகப் பிறர் வீட்டுக்குச் செங்கல் சுமந்தவர். எத்தனை வீடு எழுப்பினும் கொத்தனார் என்ற பெயர் பெறாதவர். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று 1976இலேயே சட்டம் வந்தும், கூலியில் குறைவையே கண்டவர். தம்மை ஒருவரும் எதுவும் கேட்டிராத அவருக்குத்தான், பிறரைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. பட்டம் பெற்ற எனக்கு வரவில்லை.

கேட்டேன். அன்னை சொன்ன முதல் விடை: "நீங்க பாத்து எப்படிச் செஞ்சாலும் சரிதான்." மறுநாள் விடியற்காலை, புதுச் சுவருக்கு நீர் தெளித்துக்கொண்டே, என் முகம் பாராமல் சொன்னார்: "தெருவப் பாத்த மாதிரி ஒரு சன்னல் வேணும்பா. இருபத்தெட்டு வருசமா பின்சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

தெருவைப் பார்த்த சன்னல்! நான் என் படிப்பறைக்குக் கேட்ட அதே சன்னல். எங்களுடையது வடக்குப் பார்த்த வீடு. தென்கிழக்காகிய அக்கினி மூலையை விட்டு அடுப்பு நகரலாகாது என்றார் ஆயா. நானும் அந்த அக்கினி மூலையைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் எண்ணினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூடநம்பிக்கை நமக்கு வசதியாக இருக்கும்போது அதை எதிர்ப்பது எத்துணைக் கடினம்! இரண்டு நாள் எவரிடமும் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் நூலை மாற்றிக் கட்டச் சொன்னேன். அடுக்களை முன்னே வந்தது. என் மேசை பின்னே போயிற்று.

அம்மா கேட்கவில்லையே, அவர் மனநிறைவோடுதானே இருந்தார், நீ ஏன் கிளறினாய் என்று கேட்போர் உண்டு. "கட்டின வீட்டுக்கு எட்டு வக்கணை" என்பார்கள். முடிந்த வீட்டிற்குக் குறை சொல்ல எட்டுப் பேர் வருவர். ஆனால் கட்டுமுன் கேட்கப்படாத ஒருவர், கட்டிய பின் குறையே சொல்லாதிருந்தால், அது நிறைவா? கேட்டுப் பயனில்லை என்று கற்றுக்கொண்ட உள்ளத்தின் மௌனம் அது. அந்த மௌனத்தைச் சம்மதம் என்று படித்தது என் பிழை.

நல்ல அடுக்களை கட்டிக் கொடுத்தால் போதாதா என்பாரும் உளர். போதாது. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக, மார்கரெட்டே சூட்டே லிகோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் புதுமுறை அடுக்களை ஒன்றை அமைத்தார். பெண்ணின் நடையும் நேரமும் மிச்சமாகும்படி அடியடியாக அளந்து அமைத்தார். ஏறத்தாழப் பத்தாயிரம் வீடுகளில் அது இடம்பெற்றது. நல்ல பணி, நன்றிக்குரிய பணி. ஆனால் 1970களில் பெண்ணுரிமை பேசியவர்கள் அதிலும் ஒரு குறை கண்டார்கள். ஒருவர் மட்டுமே நின்று வேலை செய்யத்தக்க அந்தச் சிற்றறை, பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்றார்கள். வசதி வேறு, விடுதலை வேறு. 2024ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது: ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறாள், ஈடுபடும் ஆண் 88 நிமிடம். எந்தக் கொத்தனாரும் இந்த இடைவெளியைப் பூசி அடைக்க முடியாது.

சட்டம் அடைக்குமா? 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில், பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை என்று தீர்மானம் நிறைவேறிற்று. தமிழ்நாட்டில் மகளுக்குச் சமபங்கு தந்த சட்டம் வந்தது 1989இல். நாடு முழுமைக்கும் வந்தது 2005இல். ஆயினும் என் அக்கா வரைபடத்தைப் பார்த்து ஒரு சொல் சொன்னபோது, "போன இடத்து வீட்டப் பாரு" என்று வாயடைத்தார் ஆயா. சட்டம் சொத்தில் பங்கு தந்தது. பேச்சில் பங்கை நாமன்றோ தர வேண்டும்!

எங்கள் மாவட்டத்து வானூர் வட்டத்தில் கொழுவாரி என்றோர் ஊர். 1997இல் வகுத்த சமத்துவபுரத் திட்டத்தின்படி, பல சாதியினரும் அடுத்தடுத்து வாழ அங்கே 100 வீடுகள் எழுந்து, 2022இல் திறக்கப்பட்டன. வெள்ளம் சேர்த்துவைத்த அண்மையன்று அது. வேண்டுமென்றே வகுத்த அண்மை. அதனால் அது உயர்ந்தது. ஆனால் வீடுகளை அடுத்தடுத்துக் கட்ட அரசால் முடியும். அடுத்த வீட்டுக் குவளையில் நீர் அருந்த வைக்க எந்த அரசால் முடியும்? 2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் குடிசைகள் 360 சதுர அடி வீடுகளாகின்றன. அவ்வீடுகளின் அடுப்படியில் நிற்கப் போகிறவரை ஒருமுறை கேட்டுவிட்டு நூல் கட்டுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

வைகாசியில் வீடு முடிந்தது. குடிபுகும் நாளன்று சாக்குகள் பிரிக்கப்பட்டன. பழைய குவளை வெளியே வந்தது. ஆயா அதைத் துடைத்தார். புதுச் சுவரில் ஆணி தேடினார். அந்நேரம் சித்தாள் அம்மையார் வாசலில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். ஆயாவின் கை அந்தக் குவளையை நோக்கி நீண்டது. அன்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே அழைத்து, நாங்கள் குடிக்கும் குவளையில் மொண்டு கொடுத்தார். அன்று முழுதும் ஆயா பேசவில்லை. குவளை இன்னமும் அலமாரியில் இருக்கிறது. அதைத் தூக்கி எறிய அவருக்கு மனம் வரவில்லை. அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஆயாவைக் குற்றம் கூறி நான் தப்பிவிட முடியாது. தேர்வு முடிவைச் சொல்வதாக வாக்களித்தேனல்லவா? அன்றிரவு புதுக் கூடத்தில் வாழ்த்தும் பேச்சுமாக உண்டு முடித்தேன். தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். நான்கு திங்கள் நாள் தவறாமல் கழுவிய தட்டு! பாதி வழியில் நினைவு வந்தது. திரும்பி ஓடினேன். தட்டு அங்கில்லை. அன்னை அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தம் சன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் மொழியில் வீடு என்பதற்கு விடுதலை என்றும் பொருள். கல்லாலும் கலவையாலும் கட்டிய வீடு எழுந்துவிட்டது. மற்ற வீட்டிற்குக் கொத்தனார் கிடையாது. நாள்தோறும் நாமே ஒவ்வொரு கல்லாக எடுத்து வைக்க வேண்டும். மறுநாளிலிருந்து நான் தட்டைக் கழுவுகிறேன். உங்கள் வீட்டுச் சுவர்கள் விழவில்லை என்பதற்காக, அவற்றின் பின்னே நடப்பதைப் பாராதிருக்காதீர்கள்!