திருடியும் குறையாத பொருள்

பாஸ்கா திருவிழிப்பு இரவில் பெரிய திரியிலிருந்து ஒருவர் தம் மெழுகுதிரியைப் பற்றவைத்துக்கொள்கிறார், அவரிடமிருந்து அடுத்தவர். சில நிமிடங்களில் கோவில் முழுதும் ஒளி நிறைகிறது. முதல் திரியின் சுடரோ சிறிதும் குறைவதில்லை. கிழக்குத் தாம்பரத்தில் வாழும் கல்லூரி மாணவர் ஒருவர் இதையே நம்மிடம் வாதமாக வைத்தார். “புதுப்படத்தை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறேன், ஐயா. தயாரிப்பாளரிடம் படம் அப்படியேதான் இருக்கிறது. நான் எதையும் எடுத்துவிடவில்லையே! பிறகு ஏழாம் கட்டளையை எவ்வாறு மீறினேன்?”

கேலிக்காகக் கேட்ட கேள்வியன்று அது. உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

சட்டம் கூறுவதை முதலில் பார்ப்போம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அறிந்தே உரிமையை மீறுபவருக்கும் அதற்குத் துணைபோகிறவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். எனினும், திருட்டுப் பிரதியைப் பார்ப்பது மட்டுமே இச்சட்டப்படி குற்றமாகாது எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2016இல் தெளிவுபடுத்தியது. நம் மாணவருக்கு இது ஆறுதலாக இருக்கக்கூடும். ஆனால் அவர் பயன்படுத்தும் டோரன்ட் முறையில், படத்தின் துண்டுகள் அவர் கணினிக்கு வந்துசேரும்போதே அங்கிருந்து முன்பின் அறியாத பலருக்கும் சென்றுகொண்டிருக்கின்றன. பெறுகிறவர் அந்நேரமே வழங்குகிறவராகவும் ஆகிவிடுகிறார். மென்பொருளிலோ சட்டம் இன்னும் கண்டிப்பானது. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே அதைக் கணினியில் பயன்படுத்துவதும் 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனைக்குரியது. வணிக நோக்கமில்லையெனில் நீதிமன்றம் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம், குற்றம் குற்றமே.

எனினும் வீட்டிலிருந்து பார்ப்பவரைத் தேடிக் காவலர் வருவது அரிது. சட்டத்தின் கை வேறிடத்தில்தான் விழுகிறது. தாம்பரம் இரயில் நிலையத்தை ஒட்டிய நடைபாதைகளில் திருட்டு வி.சி.டி. விற்ற காலத்தை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். 2004இல் தமிழக அரசு, குண்டர் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வீடியோ திருட்டில் ஈடுபடுவோரையும் கொண்டுவந்தது. விசாரணையின்றியே ஓராண்டு வரை அடைத்துவைக்க அச்சட்டம் இடமளிக்கிறது. கூடையை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றவருக்கே அந்த அச்சம். அலுவலகம் முடிந்து மின்தொடர் வண்டியிலிருந்து இறங்கி, பேரம் பேசி வாங்கி, வீட்டில் குடும்பத்தோடு அமர்ந்து பார்த்த நமக்கு என்ன அச்சம் இருந்தது? 2023இல் திரைப்படச் சட்டமும் திருத்தப்பட்டது. திரையரங்கில் பதிவு செய்வோருக்கு 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்துத் திரையரங்கு ஒன்றில் ‘ராயன்’ படத்தைக் கைபேசியில் பதிவு செய்துகொண்டிருந்தவர் கையும் களவுமாகப் பிடிபட்டார். அவர் யாருக்காகப் பதிவு செய்தார் என்பதை நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

மெழுகுதிரி உவமைக்குத் திரும்புவோம். பாஸ்கா ஒளி நமக்குக் கொடுக்கப்படுகிறது; கொடுப்பவர் மனமுவந்து திரியைச் சாய்த்துப் பிடிக்கிறார். அவர் சாய்த்துப் பிடிக்காதபோது பின்னாலிருந்து எட்டிப் பற்றவைத்துக்கொண்டால், சுடர் குறையவில்லை என்பது உண்மை. ஆனால் ‘கொடுத்தார்’ என்று கூற முடியாமற் போகிறது. தம் உழைப்பின் பயனை யாருக்கு, எந்த விலைக்குத் தரலாம் என முடிவு செய்வது உழைத்தவரின் உரிமையன்றோ? நாம் எடுத்துக்கொண்டது அந்த உரிமையை. பிறருடைய பொருளை மறைவில் எடுத்தலே களவு என்று கூறும் புனித தாமஸ் அக்குவினாஸ், உயிர்போகும் நெருக்கடியில் எடுப்பது களவாகாது என்றும் கூறுகிறார். வெளியான வெள்ளிக்கிழமையே ஒரு படத்தைப் பார்க்காவிட்டால் எவர் உயிரும் போவதில்லை. (முதல் வெள்ளி என்றதும் திருப்பலி நினைவுக்கு வந்த காலமும் ஒன்று இருந்தது!) பாடத்திட்டத்திற்கு விலையுயர்ந்த மென்பொருள் தேவைப்படும் ஏழை மாணவரின் நிலை வேறு. அவர்மீது கல்லெறிய நமக்கு மனமில்லை. எனினும் மாணவர்க்கென்றே இலவசமாகத் தரப்படும் பதிப்புகளும், எவரும் உரிமையோடு பயன்படுத்தத்தக்க கட்டற்ற மென்பொருள்களும் உள்ளன என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கல்லெறிய மனமில்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் வெள்ளிவிழா மலரை ஒரு டிடிபி மையத்தில் தயாரித்தோம். அங்கிருந்த பேஜ்மேக்கர் திருட்டுப் பிரதி என்பது அச்சுப்பிழை திருத்தச் சென்ற நமக்குத் தெரியும். ஆயரின் வாழ்த்துச் செய்தியும், பத்துக் கட்டளைகள் பற்றிய கட்டுரை ஒன்றும் அதில்தான் வடிவமைக்கப்பட்டன. 1984இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதி வளாகம் இருக்கும் தாம்பரம் சானடோரியம் நமக்கு அடுத்த நிலையம். மென்பொருள் எழுதிப் பிழைப்பவர்கள் நம் தெருக்களிலேயே வாழ்கிறார்கள். அவர்களுள் ஒருவர் மலரைப் புரட்டிவிட்டுச் சிரித்தார்: “என் வீட்டுக் கணினியும் இப்படித்தான், ஐயா.”

களவுக்கு மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பித் தரவும் வேண்டும் என்பது திருச்சபையின் பழம்போதனை. சக்கேயு நான்கு மடங்காகத் தர முன்வந்தார். யாருக்குத் தரவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம் யாருக்குத் தருவது? எந்த முகவரிக்கு? அந்த மாணவரும் இதைக் கேட்டார். இனி எடுக்காதிருப்பதும், இனி உரிய விலை கொடுப்பதுமே இயன்ற தொடக்கம் என்றோம். அவர் தலையசைத்தார், ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டுக்கான விழா மலரின் செலவுத் திட்டத்தில் ‘மென்பொருள் உரிமம்’ என்றொரு வரி இம்முறை சேர்க்கப்பட்டுள்ளது. அதை அடித்துவிட்டால் விருந்துக்கு உதவுமே என்று விழாக்குழுவில் ஒருவர் கேட்டார். அடுத்த ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் மீண்டும் கூடுகிறோம்.