ரோஸ்தர்ன் ரயிலடியில் இறங்கிய கடன்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், சஸ்கட்டூனுக்கு வடக்கே கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது ரோஸ்தர்ன். 1890இல் ரெஜைனாவிலிருந்து பிரின்ஸ் ஆல்பர்ட் வரை தண்டவாளம் போட்ட பிறகு எழுந்த சிற்றூர். அதன் பழைய ரயில் நிலையம் இப்போது கலை மையம். 1923 ஜூலை 21 அன்று, சோவியத் நாட்டிலிருந்து தப்பி வந்த மென்னோனைட் கிறிஸ்தவர்களின் முதல் கூட்டம் இந்த ஊர் ரயிலடியில்தான் இறங்கியது. உள்நாட்டுப் போர், கொள்ளை, பஞ்சம் எல்லாம் கண்டவர்கள். சுற்றுவட்டாரத்துப் பண்ணைக் குடும்பங்கள் அவர்களைத் தங்கள் வீடுகளுக்கு அழைத்துப் போயின.

பயணச் செலவுக்கு அவர்களிடம் காசில்லை. கனடியன் பசிபிக் ரயில்வே கடனுக்கு ஏற்றி வந்தது. (வெறும் கருணை என்று சொல்லிவிட முடியாது, புல்வெளியில் உழவர் குடியேறினால்தானே சரக்கு வண்டிக்கு வேலை!) 1922இல் சபையின் சார்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் ரோஸ்தர்ன் சபை மூப்பர் டேவிட் டேவ்ஸ்.

சிக்கல் அங்கேதான். மென்னோனைட்டுகள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விசுவாசத்தை அவரவர் வளர்ந்து, தம் வாயாலேயே அறிக்கையிட வேண்டும். பிள்ளைக்காகப் பெற்றோர்கூட வாக்குக் கொடுக்க முடியாது. 16ஆம் நூற்றாண்டில் இந்தப் பிடிவாதத்துக்காக அவர்களுடைய முன்னோர் ஆற்றில் அமிழ்த்தப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். அப்படிப்பட்ட சபையில் எல்லோருக்குமாக ஒருவர் கையெழுத்திடலாமா?

கனடாவில் முன்பே வேரூன்றியிருந்த மென்னோனைட்டுகள் சிலர் ஒப்பந்தத்தை எதிர்த்தார்கள். பிறருக்குப் பிணைப்படுவதை நீதிமொழிகள் ஆகமமே எச்சரிக்கிறது. மறுபக்கம், ஒருவர் பாரத்தை மற்றவர் தாங்கச் சொல்கிறது கலாத்தியர் நிருபம். அதே அதிகாரத்தில் மூன்று வசனம் தள்ளி, அவரவர் சுமை அவரவருக்கு என்றும் இருக்கிறது. வேதத்தைப் புரட்டி மட்டும் தீர்க்கக்கூடிய வழக்கல்ல இது.

1930க்குள் சுமார் 20,000 பேர் வந்துவிட்டார்கள். பின்னாலேயே வறட்சியும் விலைவீழ்ச்சியும் வந்தன. வின்னிபெக், சஸ்கட்டூன் நகரங்களின் வசதியான வீடுகளில் வேலைக்குப் போன பெண்பிள்ளைகளின் சம்பளம் கடனுக்குப் போனது. அவர்களுக்கென்று அங்கே சபை விடுதிகள் இருந்தன. வியாழக்கிழமை ஓய்வு நேரத்தில் ஒன்றுகூடுவார்கள். கப்பலேறியபோது பலர் சிறுமிகள். தம் பங்கைக் கட்டி முடித்த குடும்பங்களும், வழியற்றவர்களுக்காக மறுபடி கட்டின. ரயில்வே கம்பெனி வட்டியில் பெருந்தொகையைத் தள்ளுபடி செய்ய, 1946 நவம்பரில் கணக்கு தீர்ந்தது. அடுத்த பிப்ரவரியில் டேவ்ஸ் இறந்தார்.

டேவ்ஸின் கையெழுத்து யாரையும் கட்டிப்போடவில்லை, வளர்ந்தபின் அதைத் தமதாக்கிக்கொண்டு அவர்களே கட்டினார்கள் என்று வாதிடலாம். சபையின் கொள்கைக்கும் அது பொருந்தும். ஆனால் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பதினாறு வயதுப் பெண், அப்பாவிடம் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியுமா என்பதற்கு அந்த வாதத்தில் பதிலில்லை.